யாருடைய கண்ணால் ஊர் பார்ப்பது?
சுற்றுலாத் துண்டறிக்கைகளும் ஓட்டல் பட்டியல்களும்: ஒரு வாசிப்பு

நாலு நாள் லீவு கிடைக்கிறது. ஒரு நகரத்துக்குப் போகிறோம். எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது? இதைவிடச் சாதுவான கேள்வி உலகத்தில் இருக்க முடியாது என்றுதான் தோன்றும். "ஊரைச் சுத்திப் பாக்குறதுலயும் ஓட்டல்ல சாப்புடுறதுலயும் சாதி எங்கங்க வந்துச்சு? எதுக்கெடுத்தாலும் ஒங்களுக்கு இதே பேச்சுதான்" என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் நமக்கு நிறைய. முற்போக்கு நண்பர்களும் அதில் அடக்கம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்ம பிள்ளைகளுக்காகவும்.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் பிரதிகளை யாரும் இலக்கியம் என்று சொல்ல மாட்டார்கள். சுற்றுலாத் துறையின் மடக்குத் தாள், கோவில் வாசலில் விற்கும் 'தஞ்சையில் பார்க்க வேண்டிய இடங்கள்' வகைச் சிறுபுத்தகம், லாட்ஜ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்த 'ஒருநாள் சுற்றுலா' அட்டை, 'தவறவிடக் கூடாத பத்து ஓட்டல்கள்' என்று வாராவாரம் வரும் பட்டியல். நாவலும் கவிதையும் ஆயிரம் பேர் படித்தால் பெரிய விசயம். இவற்றை லட்சக்கணக்கான பேர் படிக்கிறார்கள், படித்தபடியே நடக்கிறார்கள். எங்கே நிற்பது, எதை அண்ணாந்து பார்ப்பது, எதைப் பார்க்காமல் தாண்டிப் போவது என்பதை இந்தத் தாள்கள்தான் சொல்லிக்கொடுக்கின்றன. ஒரு பிரதிக்கு இதைவிட என்ன அதிகாரம் வேண்டும்? அதனால் விமர்சனத்துக்கு உரியவைதான் இவை.

1

எந்தப் பிரதிக்குள்ளும் அதற்கான வாசகர் ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்திருப்பார். தஞ்சாவூர்த் துண்டறிக்கைக்குள் உட்கார்ந்திருப்பவர் யார்? அவர் காலையில் குளித்து 'உயர்தர சைவ' ஓட்டலில் டிபனை முடிக்கிறார். பெரிய கோவில், அரண்மனை, சரசுவதி மகால் நூலகம், சிவகங்கைப் பூங்கா, 1779-இல் கட்டிய சுவார்ட்சு தேவாலயம் என்று வரிசையாகப் பார்க்கிறார். தலையாட்டிப் பொம்மையும் தஞ்சாவூர்த் தட்டும் வாங்குகிறார். சாயங்காலம் திருவையாறு, அங்கே அசோகா அல்வா. அவருக்கு இருக்கும் சிக்கல் ரெண்டே ரெண்டு: நேரம், காசு. எந்த வாசலிலும் அவரை நிறுத்தி "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக்கூடும் என்பதே அந்தத் தாளுக்குத் தெரியாது.

பூதலூரில் பாசஞ்சர் ஏறினால் அடுத்தது ஆலக்குடி, அதற்கடுத்தது தஞ்சாவூர். அவ்வளவு பக்கம். ஆனால் எங்கள் பக்கத்துச் சேரிகளில் 'தஞ்சாவூர் போறேன்' என்றால் அதற்கு வேற அர்த்தம். பிரசவத்துக்கு ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி. கலெக்டர் ஆபீசில் மனு. கோர்ட்டில் வாய்தா. இல்லையென்றால் சித்தாள் வேலை. ஊருக்குப் போய் வேலையை முடித்துக்கொண்டு, கொண்டுபோன சோத்தை எங்காவது மர நிழலில் உட்கார்ந்து தின்றுவிட்டு, கடைசி வண்டியைப் பிடிப்பது. பார்ப்பதற்கென்று போவது என்ற பழக்கமே ஒரு தலைமுறையாகத்தான் வந்திருக்கிறது. வேளாங்கண்ணிக்குப் போனோம், மாநாட்டுக்கு லாரி ஏறினோம், பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனார்கள். இப்போது படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். நல்ல விசயம். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் தாள் அவர்களுக்காக எழுதப்பட்டதல்ல.

ஒரு நகரத்து லாட்ஜில் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். பெயர் எழுதினேன். முகவரிக் கட்டத்தில் காலனித் தெரு என்று எழுதினேன். எதிரே இருந்தவர் அந்தச் சொல்லைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டு வந்து "ரூம் இல்லீங்க, எல்லாம் புக்காயிடுச்சு" என்றார். வாசலில் 'அறைகள் காலி' பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இதை வழக்காக்க முடியுமா? சாதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லையே! முகவரி பேசிவிட்டது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல் வசையாகிப் போனதை அரசே ஒத்துக்கொண்ட மாதிரி. சொல்லை நீக்கலாம். கட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து படிக்கிற கண்ணை என்ன செய்வது?

ஆகவே 'எதைத் தேர்ந்தெடுப்பது' என்பது ரெண்டாவது கேள்வி. நமக்கு முதல் கேள்வி எப்போதும் 'எங்கே உள்ளே விடுவான்' என்பதுதான். சுற்றுலா எழுத்து மொத்தமும் இந்த முதல் கேள்வியை விழுங்கிவிட்டு ரெண்டாவதிலிருந்து ஆரம்பிக்கிறது.

2

சுற்றிப் பார்க்கப் போன ஒரு தீண்டப்படாதவர் தன் பயணத்தைத் தானே எழுதிவைத்த பிரதி நம்மிடம் இருக்கிறது. எழுதியவர் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பொருள்படும் தலைப்பு. சொந்த நாட்டுக்குள் நடமாடுவதற்கு விசா! தலைப்பிலேயே முழு விமர்சனமும் வந்துவிட்டது.

1934-இல் அவரும் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேரும் எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். அது நிசாமின் ஐதராபாத் ராச்சியம். யாரென்று தெரிந்தால் வழியில் தொல்லை வரும் என்று பயணத்தையே வெளியில் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார்கள். ஊர் பார்க்கப் போகிறவர் ஒளிந்து போகவேண்டிய நிலைமை. அப்படியும் தௌலதாபாத் கோட்டை வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள். தூசி படிந்த முகத்தையும் காலையும் வாசலில் இருந்த குளத்துத் தண்ணீரில் கழுவியதற்கு, குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் கூடிவிடுகிறது. கூடியவர்கள் முசுலிம்கள். சாதி, மதத்தைத் தாண்டியும் ஒட்டிக்கொள்ளும் என்பதை அவர் அங்கே குறித்துக்கொள்கிறார். கடைசியில் கோட்டையைப் பார்க்க விட்டார்கள், ஆனால் எங்கும் தண்ணீரைத் தொட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய காவலர் ஒருவரைக் கூடவே அனுப்பினார்கள். சுற்றுலா வழிகாட்டிக்குப் பதில் துப்பாக்கிக்காரர்!

அதே பிரதியில் தங்குமிடக் கதையும் உண்டு. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவில் வேலையில் சேரப் போனவருக்கு அந்த நகரத்தில் அறை கிடையாது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் போட்டுக்கொண்டு தங்குகிறார். பதினோராவது நாள் கம்போடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றுகிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில் கறுப்பர்கள் இந்த முதல் கேள்விக்கே ஒரு புத்தகம் போட்டார்கள். நியூயார்க்கின் ஆர்லெம் பகுதியைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஊகோ கிரீன் 1936-இல் தொடங்கிய 'பச்சைப் புத்தகம்'. காரில் பயணம் போகும் கறுப்பர்கள் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல். முப்பது வருசம் வந்தது. 1964-இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய பிறகு 1966-67 பதிப்போடு நின்றது. இது தேவைப்படாத நாள் வரவேண்டும் என்று அதைப் போட்டவர்களே எழுதினார்கள். 'எங்கே ருசி' என்று பட்டியல் போடுகிற சமூகமும் 'எங்கே அடிக்க மாட்டான்' என்று பட்டியல் போடுகிற சமூகமும் ஒரே தேசத்தில், ஒரே சாலையில் போயிருக்கின்றன. நமக்கு அப்படி ஒரு அச்சடித்த பட்டியல் இருந்ததில்லை. வாய்வழிதான். "அந்தக் கடைக்குப் போவாத, அங்க தனி கிளாசு" என்று தாத்தா பேரனுக்குச் சொன்னதுதான் நம் பச்சைப் புத்தகம்.

3

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். ஓட்டல் என்பது தமிழ்நாட்டில் சாதாரண இடமல்ல. சாதி பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்பது என்ற பழக்கம் இந்த மண்ணில் ஓட்டலில்தான் பொதுவாக நடக்கத் தொடங்கியது. அதனால்தான் அங்கே அவ்வளவு சண்டை. ரயில்வே உணவு விடுதிகளில் 'பிராமணாள்', 'இதராள்' என்று தனித்தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கம் விடாமல் எதிர்த்து 1941-இல் ஒழித்தது. ஓட்டல் பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் கூடாது என்று 1957-இல் திருவல்லிக்கேணியில் முரளி கபேக்கு முன்னால் மாதக்கணக்கில் மறியல். நூற்றுக்கணக்கான பேர் சிறைக்குப் போனார்கள். 2012-இல் சிறீரங்கத்தில் ஒரு ஓட்டல் மறுபடியும் அதே சொல்லைப் பலகையில் போட்டது, மறுபடியும் போராட்டம்.

இந்த வரலாற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். பலகையில் எழுதியிருந்த 'இதராள்' என்ற சொல்லுக்குள்ளும் சேரி இல்லை. 'இதராள்' உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டபோது நம்ம ஆள் கடைக்குப் பின்பக்கம் கொட்டாங்கச்சியோடு நின்றார். அப்புறம் தனிக் குவளை வந்தது. பேப்பர் கப் வந்ததும் பல ஊரில் 'ரெட்டைக் கிளாசு ஒழிஞ்சிடுச்சு' என்றார்கள். கொஞ்சம் நின்று கவனித்தால் யாருக்குக் கண்ணாடி கிளாசு, யாருக்குக் கேட்காமலே பேப்பர் கப் என்பது விளங்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, பொது உணவகம், விடுதி, கேளிக்கை இடம், கிணறு, குளம் என்று பெயர் சொல்லியே எழுதுகிறது. அம்பேத்கரின் தௌலதாபாத் குளமும் பரோடா விடுதியும் அந்த வரியில் இருப்பதாகத்தான் நான் படிக்கிறேன். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகத் திருத்தம், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். தெரிந்துவைத்துக்கொண்டு பயணம் போகவேண்டிய எண்கள் இவை.

யாழ்ப்பாணத்தில் ஒரு கிளாசு தேத்தண்ணிக்காகவே ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். 1957-இல் இலங்கையிலும் சட்டம் வந்தது, தேநீர்க் கடை வாசல் மட்டும் திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைப் போலிசு அடித்தது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவானது. தேநீர்க் கடைப் பிரவேசமும் கோவில் பிரவேசமும் கைகலப்பும் துப்பாக்கியுமாக நடந்தன. அந்தப் போராட்டத்துக்குள்ளேயே வாழ்ந்த கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை எழுதினார். தமிழில் ஒரு தேநீர்க் கடை பெஞ்சுக்கு என்ன விலை என்று தெரியவேண்டுமானால் அதைப் படிக்கவேண்டும்.

பாமாவின் 'கருக்கு' (1992) நாவலில் ஒரு காட்சி. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் சணலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணத்தைச் சொன்ன பிறகு சிரிப்பு கோபமாகிறது. உணவைப் பற்றித் தமிழில் எத்தனையோ பேர் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார்கள். பண்டத்தின் மணம், பதம், கைப்பக்குவம் எல்லாம் வந்திருக்கிறது. பொட்டலத்தைப் பிடித்த விரலைப் பற்றி எழுத ஒரு தலித் பெண் வரவேண்டியிருந்தது.

இந்தக் கண்ணோடு ஓட்டல் பட்டியல்களைப் படியுங்கள். 'அக்கிரகாரச் சுவை', 'அய்யர் மெஸ்', 'செட்டிநாட்டு விருந்து', 'மராட்டிய அரண்மனைச் சாம்பார்'. உணவுக்குச் சாதிப் பெயர் பெருமையாகப் போட்டிருக்கிறது. 'பாரம்பரியம்' என்றால் யாருடைய அடுப்பு? இந்தக் காவிரிப் படுகையில் சோறு விளைவித்தவர்களின் அடுப்பில் என்ன வெந்தது? வயல் நண்டு, நத்தை, குறவை மீன், பண்ணைக் கீரை, பழைய சோறு, மாட்டுக்கறி உப்புக்கண்டம். 'தஞ்சாவூர்ச் சாப்பாடு' என்ற தலைப்பில் இதில் ஒன்றாவது எந்தப் பட்டியலிலாவது உண்டா? கிடையாது. 'சுத்த சைவம்' என்று ஒரு பக்கம் 'சுத்தம்' போட்டுவிட்டால் இன்னொரு பக்கம் என்னவென்று எழுதாமலே புரிந்துவிடுகிறது.

ஆம்பூர்க் கதையைப் பாருங்கள். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகமே அங்கே பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஊர்ப் பெருமையை வெளியூர்க்காரருக்குக் காட்டுவது நோக்கம். மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஒரு ஊரின் ருசி என்று எதை வெளியில் காட்டுவது என்பதை அதிகாரம்தான் முடிவு செய்கிறது. நாக்கு அல்ல.

4

இனி பார்க்கும் இடங்கள். பெரிய கோவிலை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. இருநூறு அடிக்கு மேல் எழும்பி நிற்கும் அந்தக் கல்லைச் சுமந்து ஏற்றிய முதுகுகளில் நம்ம முதுகும் இருக்கும். 1010-இல் முடிந்த கட்டடம், 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னம், 2010-இல் ஆயிரமாவது ஆண்டு விழா. அங்கே கைடுகள் சொல்லும் கதையில்தான் எனக்கு வழக்கு.

"கோபுர நிழல் தரையில விழாதுங்க" என்பார்கள். பொய். காலையிலோ சாயங்காலமோ போய் நின்று பாருங்கள், நன்றாக விழுகிறது. கண்ணெதிரே விழும் நிழலையே இல்லையென்று சொல்லப் பழகிய கதையாடல், கல்லில் வெட்டியதை மறைப்பதில் என்ன ஆச்சரியம்? அதே கோவில் சுவரில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோவிலுக்கு விடப்பட்ட ஊர்களை அளந்து, வரி இல்லாத இடங்களைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம், கோவில்கள், குளங்கள், ஊடே போகும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. அந்தச் சொல்லின் பொருள் பற்றி ஆய்வாளர்கள் வாதாடட்டும். ஆனால் ஆயிரம் வருசத்துக்கு முந்தைய நில அளவையில் சேரி தனியாக நிற்கிறது, ஊர் தனியாக நிற்கிறது. இன்னொரு கல்வெட்டு தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைப் பட்டியலிடுகிறது. எந்தக் கோவிலிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு நூறு கலம் நெல் பங்கு. ஒவ்வொருத்தர் பெயரும் கல்லில் இருக்கிறது. ராசாவின் பெயரைச் சொல்லும் கைடு இந்த நானூறில் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

வாசல் திறந்த கதையும் சொல்லமாட்டார்கள். 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோவிலில் வைத்தியநாத அய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதைத் தொடர்ந்து அந்த ஆண்டே தஞ்சை அரண்மனையின் பொறுப்பில் இருந்த கோவில்களும் திறக்கப்பட்டன. கோவில் எழும்பியது 1010. நமக்கு வாசல் திறந்தது 1939. எத்தனை டன் கல் என்று சொல்லும் பலகையில் இந்த ஒரு வருசத்தையும் எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்? இராசராசன் காலத்து நில உடைமை பற்றி 2019 சூனில் திருப்பனந்தாளில் பேசியதற்காக இயக்குநர் பா. இரஞ்சித் மேல் வழக்கே பதிவானது. ஆனால் 2022-இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்ததும் அந்த நாவலின் தடத்தில் சுற்றுலா கிளம்பியது. கற்பனைக் கதைக்குப் பேருந்து, கல்வெட்டைப் பற்றிப் பேசினால் வழக்கு.

கல்லணைக்குப் போனாலும் இதேதான். கரிகாலன் கட்டினான், வெள்ளைக்காரப் பொறியாளர் மெச்சினார், முடிந்தது. வழிநெடுகப் பச்சைப் பசேல் வயல், 'தமிழகத்தின் நெற்களஞ்சியம்', நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சைக்குள் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்தது. பண்ணையாளைத் திடீரென்று வெளியேற்றக் கூடாது என்பதற்கே 1952-இல் தஞ்சாவூருக்கென்று தனிச் சட்டம் போடவேண்டியிருந்தது.

தஞ்சாவூரிலேயே 1986-லிருந்து தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. விழா மேடைகளில் பறை அடிக்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் ரசிக்கிறார்கள். கலைஞருக்கு நாலு காசு கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மேடையில் 'நாட்டுப்புறக் கலை' ஆகும் அதே பறையை, 'சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று ஊரில் சொன்னதற்காக நம் சனம் எத்தனை இடத்தில் அடிபட்டிருக்கிறது! மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு அந்த மறுப்பின் வரலாறு தெரியாது. சத்தம் மட்டும் கேட்கிறது.

பட்டியலில் இல்லாத இடங்கள் ரெண்டைச் சொல்கிறேன். ஒன்று, கீழவெண்மணி. பழைய கீழத்தஞ்சை, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டதற்கும் செங்கொடி பிடித்ததற்கும் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட நாற்பத்து நாலு பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இவ்வளவு வசதியான மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று சந்தேகப்பட்டு உயர்நீதிமன்றம் 1973-இல் அவர்களை விடுவித்தது. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகும் வண்டிகள் அந்தச் சுற்று வட்டாரத்தில்தான் ஓடுகின்றன. ஒன்றாவது அங்கே நிற்கிறதா?

இன்னொன்று, தஞ்சாவூருக்குள்ளேயே. மேலே சொன்ன கே. டானியல் 1986 மார்ச்சில் இந்த நகரத்தில்தான் இறந்தார். இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். தமிழில் தலித் எழுத்துக்கு முன்னோடி என்று நாம் கொண்டாடும் யாழ்ப்பாணத்துக்காரர் காவிரிக் கரையில் படுத்திருக்கிறார். 1995-இல் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டை இதே ஊரில் கோலாகலமாக நடத்தினார்கள். சோழனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. டானியலுக்கு, துண்டறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

5

"அப்ப எங்கயும் போவக்கூடாதா, எதையும் திங்கக்கூடாதா?" என்று கேட்கலாம். போகவேண்டும். தின்னவேண்டும். உரிமையோடு போகவேண்டும் என்பதுதான் சேதி. வேண்டாமென்று ஒதுங்குவது அவர்கள் நமக்குப் போட்ட கோட்டுக்குள் நாமே போய் நிற்பது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என்னால் முடிந்த சில யோசனைகள்.

ஒருநாளில் பத்து இடம் என்று ஓட்டும் சுற்றுலாவில் ஏறாதீர்கள். நவக்கிரகக் கோவில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக் காட்ட 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து 750 ரூபாய்க்கு அரசுப் பேருந்து விட்டார்கள். பரிகாரம் வேண்டுமானால் ஆகலாம், பார்ப்பது ஆகாது. டவுன் பஸ்ஸில் போங்கள். ரெண்டே இடம் போதும், நின்று பாருங்கள். கைடு வைத்தால் முதலிலேயே கேளுங்கள்: கல்வெட்டு படித்துச் சொல்வீங்களா, எங்க சனம் எப்ப உள்ள வந்துச்சுன்னு சொல்வீங்களா? தெரியாது என்று நேர்மையாகச் சொல்கிறவர் பரவாயில்லை. சிரிக்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

ஓட்டலுக்குள் போகும்முன் பலகையைப் படியுங்கள். சாதிப் பெயரை ருசியாக விற்கும் கடைக்கு நம்ம காசு எதற்கு? உள்ளே யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் எச்சில் இலை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். வேலைப் பிரிவினையில் வர்ணம் தெரியும். ஒரே கிளாசு, ஒரே பெஞ்சு, கேட்டதைக் கேட்ட மாதிரி தருகிற கை: இதுதான் நல்ல கடைக்கு அடையாளம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சின்னக் கடைகளிலும் பாய் கடைகளிலும் இதைப் பெரும்பாலும் பார்க்கலாம். நட்சத்திரம் போட்ட பட்டியலில் இதற்கு நட்சத்திரம் கிடையாது. எங்காவது மறுத்தால் வாக்குவாதத்தோடு விடாதீர்கள். நேரம், தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் பெயர், நாலையும் எழுதிக்கொண்டு புகார் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. நமக்கென்று ஒரு வழிகாட்டி வேண்டும். அமெரிக்கக் கறுப்பர்களின் பச்சைப் புத்தகம் உயிரோடு ஊர் திரும்ப வழி சொன்னது. நம்முடையது அதோடு, ஊரைத் திரும்பப் படிக்கவும் சொல்லித்தர வேண்டும். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இந்த வருசமும் பெரிய கோவிலுக்குத்தான் கூட்டிப் போவார்கள். ஆறாவது படிக்கிற நம்ம பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதில் தனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் ராசாவினுடையது என்று நினைத்துக்கொண்டு திரும்பி வரக் கூடாது. அந்தச் சுவரில் தன் சேரி எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்து வரவேண்டும். தன் தாத்தா காலத்தில்தான் கதவு திறந்தது என்று தெரிந்து வரவேண்டும். திரும்பும் வழியில் எந்தக் கடையிலும் தலை நிமிர்ந்து உட்கார்ந்து "ஒரு டீ" என்று கேட்டுக் கண்ணாடி கிளாசில் வாங்கிக் குடித்துவிட்டு வரவேண்டும்.

தோழர்கள் அவரவர் ஊரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். எந்த இடத்தில் எந்தப் போராட்டம் நடந்தது, எந்தக் குளத்தில் யார் இறங்கினார்கள், எந்தக் கடையில் இன்னும் ரெண்டு கிளாசு இருக்கிறது, எந்தக் கடையில் ஒரே கிளாசு. பக்கம் பக்கமாக வேண்டாம். ஊர் பெயரும் நாலு வரியும் போதும். சேர்த்தால் புத்தகமாகிவிடும்.